சல்யூட் இருக்கட்டும், முதல்ல சனிக்கிழமை லீவு கொடுங்க!

(ஓசூரில் நடந்த தொழிலாளர் குடும்பச் சந்திப்பில் நமது கட்சி மகளிர் அணிப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிச்சுப் பாருங்க. உங்க கம்பெனி நண்பர்களுக்கும், ராணுவக் குடும்பங்களுக்கும் பகிருங்க.)



ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்திருக்கிற தங்கச்சிங்க, நைட் ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கிற அம்மாக்கள், பேரப் பிள்ளைகளைத் தூக்கிட்டு வந்திருக்கிற பெரியவர்கள், முன்னாள் படைவீரர் அண்ணன்மார் அனைவருக்கும் வணக்கம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசுற ஊர் இது. எந்த மொழிக்காரர் வீட்டுக்கும் பொருந்துற ஒரு விஷயத்தைத்தான் இன்னிக்குப் பேச வந்திருக்கேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிடறேன். கணவரோ மனைவியோ ராணுவப் பணிக்காக வெளிநாடு புறப்படும்போது, இங்கே தொழிற்சாலையில் வேலை செய்யும் துணைவருக்கு, புறப்படுவதற்கு முன்னாடி சம்பளத்தோடு விடுப்பு கொடுக்கணும். சூப்பர்வைசர் மனசு வெச்சா கிடைக்கும், வெக்கலைன்னா கிடைக்காதுங்கிற நிலை போகணும். சட்டப்படி கிடைக்கணும். கேட்கிறது இது ஒண்ணுதான்.

இதை ஏன் ஓசூரில் நின்னு கேட்கிறோம்?

நம்ம மாவட்டத்துக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவு நேத்து வந்தது கிடையாது. மத்திகிரி கால்நடைப் பண்ணை எல்லாருக்கும் தெரியும். 1824-ல் அதை ஆரம்பிச்சது ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க. பர்கூர், போச்சம்பள்ளி, மத்தூர், ஊத்தங்கரை பக்கம் போங்க. பட்டாளத்துக்குப் போன ஆளை எந்த ஊரிலும் விசாரிக்கலாம். பக்கத்துல பெங்களூரு. சாப்பர் படையான எம்.இ.ஜி. மையம் அங்கே அல்சூர் ஏரிக்கரையில் இருக்கு. ஏ.எஸ்.சி. மையம் அங்கே, மிலிட்டரி போலீஸ் மையம் அங்கே. நம்ம பசங்க பல பேர் பயிற்சி எடுத்தது அத்திப்பள்ளி தாண்டி ஒரு மணி நேரத் தூரத்துலதான்.

இன்னொரு பக்கம் பார்த்தா, 1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூர் தொழில் நகரம் ஆச்சு. இன்னிக்கு வாட்ச், பைக், லாரி, செல்போன் பாகம் எல்லாம் இங்கே செய்யறாங்க. லைனில் உட்கார்ந்து வேலை பார்க்கிறதில் ஆயிரக்கணக்கானவங்க பெண்கள். ஆக, ஒரே வீட்டில் அவர் யூனிஃபார்ம் போட்டு எல்லையில் நிக்கிறார், இவங்க கம்பெனி கோட்டு போட்டு லைனில் நிக்கிறாங்க. அப்பா தலைமுறையில் பட்டாளத்துக்காரர் மனைவி பெரும்பாலும் ஊரில் காடு கழனியைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அவர் லீவுல வந்தா அன்னிக்குக் களை எடுக்கப் போகாம வீட்டில் இருக்கலாம். இன்னிக்கு இவங்களுக்குப் பஞ்ச் மெஷின் இருக்கு, டார்கெட் இருக்கு, அட்டெண்டன்ஸ் போனஸ் இருக்கு. குடும்பம் மாறிப் போச்சு. விடுப்புச் சட்டம் இதுக்கு ஏத்த மாதிரி மாறலை.

வெளிநாட்டுக்கு ஏன் போறாங்கன்னு சில பேர் கேட்கலாம். ஐ.நா. அமைதிப்படை. நம்ம ஜவான்கள் யூ.என். மிஷன்னு சொல்வாங்க. கொரியாவில் 1950-களில் தொடங்கி இன்னிக்கு வரைக்கும் 50-க்கும் மேற்பட்ட மிஷன்களில் ஏறத்தாழ 2,90,000 இந்தியர்கள் போய் வந்திருக்காங்க. காங்கோ, தெற்கு சூடான், லெபனான், கோலன் குன்றுகள் எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைகள் பேசுற பேச்சில் வர்ற ஊர்ப் பெயர்கள். தெற்கு லெபனானில் 1998-லிருந்து ஒரு இந்தியப் பட்டாலியன் இருந்து வந்திருக்கு. அமைதிப்படைன்னு பேரு, ஆனா ஆபத்து இல்லாத வேலை கிடையாது. இதுவரைக்கும் ஏறத்தாழ 180 இந்தியர்கள் ஐ.நா. பணியில் உயிர் கொடுத்திருக்காங்க. 2013-ல் தெற்கு சூடானில் ஏப்ரலில் ஐந்து பேர், டிசம்பரில் இரண்டு பேர் கொல்லப்பட்டாங்க. 2024 அக்டோபரில் தெற்கு லெபனானில் ஐ.நா. நிலைகள் மேலேயே குண்டு விழுந்ததை டி.வி.யில் பார்த்தோம். அப்போ அங்கே சுமார் 900 இந்திய வீரர்கள் இருந்தாங்க. ஒவ்வொருத்தர் வீட்டிலும் அந்த வாரம் எப்படிப் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஒரு மிஷன்னா ஏறத்தாழ ஒரு வருஷம். காஷ்மீர், லடாக் போனா நடுவுல லீவு எடுத்து வரலாம், அவசரம்னா ரயில் பிடிக்கலாம். கடல் தாண்டிப் போனா நினைச்ச நேரத்துக்கு வர முடியாது. அதனால புறப்படுறதுக்கு முன்னாடி கிடைக்கிற அந்த இரண்டு மூணு நாளுக்கு இருக்கிற எடை வேற.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பழைய அனுபவமும் உண்டு. 1987 ஜூலை 29 அன்னிக்குக் கொழும்பில் இந்திய-இலங்கை உடன்பாடு கையெழுத்தாச்சு. மறுநாள், ஜூலை 30, முதல் படைகள் பலாலியில் இறங்கியாச்சு. கையெழுத்துக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரே ராத்திரி. அந்தப் படை கடைசியா திரும்பி வந்தது 1990 மார்ச் 24. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் திரும்பி வரவே இல்லை. அந்தப் படையெடுப்பு சரியா தப்பாங்கிறதில் நம்ம எல்லாருக்கும் உறுதியான கருத்து இருக்கு. அது வேற மேடை. இங்கே நான் சொல்ல வர்றது, அந்த ஒரு ராத்திரியில் எத்தனை வீட்டில் போயிட்டு வர்றேன்னு சொல்லக்கூட நேரம் இருந்திருக்கும்ங்கிறது மட்டும்தான். தாக்கீது திடீர்னு வரும். அப்படி வரும்னு தெரிஞ்சே நாம சட்டம் எழுதணும்.

இப்போ நம்ம ஊர் தங்கச்சி ஒருத்தங்க கதையைச் சொல்றேன். பெயர் சொல்ல மாட்டேன், கம்பெனி பெயரும் சொல்ல மாட்டேன். வேலை செய்யற பொண்ணு, நாளைக்கு அங்கேயே போகணும்.

ஊர் பர்கூர் பக்கம். ஓசூரில் நாலு பொண்ணுங்களோட சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போறாங்க. பையன் ஊரில் மாமியார்கிட்ட வளர்றான். வீட்டுக்காரர் பட்டாலியன் தெற்கு சூடான் போறதுக்காக டெல்லியில் பயிற்சியில் இருந்தது. புறப்படும் முன்னாடி அவருக்கு ஆறு நாள் லீவு கிடைச்சது. ஆறு நாள்னா நமக்கு நிறையத்தான் தோணும். டெல்லியிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டு நாள். திரும்பிப் போக இரண்டு நாள். கையில் மிச்சம் இரண்டு நாள். அது ஒரு சனி, ஞாயிறு.

அந்தச் சனிக்கிழமை இவங்களுக்கு செகண்ட் ஷிப்ட். லீவு கேட்டாங்க. பிளான் போட்டாச்சு, முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலை, போனா ஆப்சென்ட் விழும், இந்த மாச அட்டெண்டன்ஸ் போனஸும் போயிடும்னு பதில் வந்தது. முன்கூட்டியே எப்படி எழுதிக் கொடுப்பாங்க? அவருக்கே லீவு உறுதியானது புதன்கிழமை ராத்திரி.

அவர் சனிக்கிழமை மதியம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். இவங்க ஒண்ணரை மணிக்குக் கம்பெனி பஸ் ஏறணும். நடுவில் ஒரு மணி நேரம். ஒரு ஓட்டலில் சாப்பிட்டாங்க. பஸ் ஏத்தி விட்டுட்டு, அவர் ஊருக்குப் போகாம இங்கேயே காத்திருந்தார். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் இறக்கி விடும்போது பதினொண்ணேகால். அங்கிருந்து கிருஷ்ணகிரி பஸ், அப்புறம் பர்கூர், அப்புறம் சொந்தக்காரர் பைக். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இரண்டு மணி. பையன் தூங்கிட்டான். ஞாயிறு சாயங்காலம் பெங்களூரில் ரயில். மதியச் சாப்பாடு முடிச்ச கையோட கிளம்பினாத்தான் பிடிக்க முடியும். ஒரு வருஷப் பிரிவுக்கு முன்னாடி மூணு பேரும் முழிச்சுக்கிட்டு ஒண்ணா இருந்தது ஆறு, ஏழு மணி நேரம்.

இந்த இடத்தில் ரயிலைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியா ஓசூருக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் குறுகிய பாதை ரயில் ஓடுச்சு. உலகப்போர் நடந்துக்கிட்டிருந்த 1941-ல் இரண்டையும் மூடினாங்க. ஓசூருக்குப் பிறகு ரயில் திரும்பி வந்தது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்னும் வரலை. மாவட்டத் தலைநகரத்தில் ரயில் நிலையம் இல்லாததால், லீவில் வர்ற ஜவான் ஜோலார்பேட்டையிலோ பெங்களூரிலோ இறங்கி பஸ் மாறி மாறி வரணும். அவர் லீவு நேரத்தில் அரை நாள் ரோட்டிலேயே போகுது. அந்த ரயில் பாதைக்காக நாம எழுப்புற குரலுக்கும் இந்தக் கோரிக்கைக்கும் உறவு இருக்கு.

சரி, அந்த இரண்டு நாள் எதுக்கு? கொஞ்சிப் பேசறதுக்கு மட்டுமா? அதுக்கும்தான், அதில் வெட்கப்பட ஒண்ணும் இல்லை. ஆனா அது மட்டும் இல்லை. ராணுவக் குடும்பத்துக்குத் தெரியும், புறப்படும் முன்னாடி முடிக்க வேண்டிய வேலைகள் பல இருக்கு.

கல்யாணமும் குழந்தை பிறப்பும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கணும். ஏறலைன்னா நாளைக்கு எந்தச் சலுகை கேட்டுப் போனாலும் முதல் கேள்வி அதுதான். ஆர்மி குரூப் இன்சூரன்ஸில் நாமினி யாருன்னு பார்க்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பெயர் கொடுத்தவர் பல பேர் மாத்தாமலே விட்டிருப்பாங்க. பேங்க் கணக்கை ஜாயின்ட் ஆக்கணும், இல்லைன்னா அவர் ஏ.டி.எம். கார்டை நம்பி ஒரு வருஷம் ஓட்டணும். பிள்ளைக்கும் மனைவிக்கும் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கான டிபென்டன்ட் கார்டு இருக்கான்னு பார்க்கணும். நிலம், வீட்டுக்கடன், பத்திரம் ஏதாவது நிலுவையில் இருந்தா பவர் எழுதிக் கொடுக்கணும். இதில் பாதி வேலைக்கு இரண்டு பேர் கையெழுத்தும் வேணும், ஆபீஸ் திறந்திருக்கிற நாளும் வேணும்.

நான் சொன்ன தங்கச்சிக்கு வந்தது இரண்டாவது சனிக்கிழமை. பேங்க் மூடி. ஞாயிறு எல்லாமே மூடி. வெள்ளி ஒரு நாளும் சனி ஒரு நாளும் லீவு கிடைச்சிருந்தா, அவர் டெல்லியில் ரயில் ஏறும்போதே இவங்க இங்கே பேங்குக்கும் ஆபீசுக்கும் போய் ஃபாரம் எல்லாம் வாங்கித் தயாரா வெச்சு, சனிக்கிழமை கையெழுத்து வாங்கியிருக்கலாம். எதுவும் நடக்கலை. இப்போ அவர் அங்கே. அங்கே ராத்திரி எட்டு மணிக்கு அவருக்கு நேரம் கிடைச்சா இங்கே பதினொண்ணரை. இவங்களுக்கு நைட் ஷிப்ட் வாரம்னா செல்போன் லாக்கரில் இருக்கும். வீட்டுச் செலவுக் கணக்கைப் பேசக்கூட வாரத்தில் ஒரு நாள்தான் தோதுப்படுது.

இப்போ சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

1948 தொழிற்சாலைகள் சட்டம் எழுதி வைத்த கணக்கு: ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தா, 20 நாளுக்கு 1 நாள் சம்பளத்தோடு விடுப்பு. அதை எடுக்கணும்னா 15 நாள் முன்னாடி எழுதிக் கொடுக்கணும். உடம்பு சரியில்லைன்னா மட்டும் அந்த 15 நாள் நிபந்தனை கிடையாது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்புச் சட்டம் 240-ஐ 180 ஆக்கியிருக்கு. நல்லதுதான். ஆனா சேர்ந்து நாலு மாசம் ஆன பொண்ணுக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஏஜென்சி மாத்திப் போடற கான்ட்ராக்ட் பொண்ணுக்கு என்ன கிடைக்கும்? ஒண்ணும் கிடைக்காது. 1958-ல் தமிழ்நாடே போட்ட பண்டிகை விடுமுறைச் சட்டம் இருக்கு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, அது போக ஐந்து பண்டிகை நாள். நாட்டைக் காக்கிறவரை வழியனுப்ப மட்டும் எந்தச் சட்டத்திலும் ஒரு நாள் இல்லை.

அரசு வேலையில் இருக்கிற மனைவிக்கு கேஷுவல் லீவு இருக்கு. மத்திய அரசு ஊழியரா இருந்தா பிள்ளை வளர்ப்பு விடுப்பே பணிக்காலத்தில் 730 நாள் வரைக்கும் இருக்கு. அவங்களுக்கு இருக்கிறது நல்லது, இருக்கட்டும். ஆனா ஒரே பட்டாலியனில் பக்கத்துப் பக்கத்து பங்கரில் நிக்கிற இரண்டு ஜவான்களில், ஒருத்தர் மனைவி வழியனுப்ப ரயில் நிலையம் வரைக்கும் வரலாம், இன்னொருத்தர் மனைவி லைனை விட்டு நகர முடியாதுன்னா அது என்ன நியாயம்?

இப்போ ஒரு பழைய சட்டத்தைச் சொல்றேன், கவனிங்க. 1925-ல் வெள்ளைக்கார அரசு ஒரு சட்டம் போட்டது. இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம். இன்னிக்கும் இருக்கு. ஒரு வீரர் போர்முனையிலோ கடல் கடந்த பணியிலோ இருக்கும்போது அவர் மேல ஊரில் நிலத் தகராறு வழக்கு நடந்தா, அவர் இல்லாத நேரத்தில் தீர்ப்பு சொல்லிடாம வழக்கை நிறுத்தி வைக்க அந்தச் சட்டம் வழி செய்யுது. வெள்ளைக்காரன் கருணையில போடலை. ஊரில் என் நிலம் என்னாகுமோன்னு கவலைப்படற சிப்பாய் ஒழுங்கா சண்டை போட மாட்டான்னு அவனுக்குத் தெரியும்.

அதில் ஒரு பாடம் இருக்கு. வீரன் வெளிநாட்டில் இருக்கான்னா கோர்ட்டே காத்திருக்கும்னு நூறு வருஷம் முன்னாடி ஏத்துக்கிட்ட நாடு இது. கோர்ட் மாசக்கணக்கில் காத்திருக்கலாம், கம்பெனி லைன் இரண்டு நாள் காத்திருக்கக் கூடாதா? நிலத்தைப் பத்தின கவலை வீரனுக்கு இருக்கும்னு ஒத்துக்கிட்டவங்க, பொண்டாட்டி பிள்ளையைப் பத்தின கவலை இருக்கும்னு ஒத்துக்க மாட்டாங்களா?

வெளிநாட்டில் இது எப்படி? அமெரிக்காவில் 2008-லேயே குடும்ப விடுப்புச் சட்டத்தைத் திருத்திட்டாங்க. 50 பேரோ அதுக்கு மேலோ வேலை செய்யற நிறுவனங்களில், கணவரோ மனைவியோ பிள்ளையோ பெற்றோரோ ராணுவத்தில் வெளிநாடு புறப்பட்டா ஊழியருக்கு ஒரு வருஷத்தில் 12 வாரம் வரைக்கும் விடுப்பு. ஏழு நாளோ அதுக்கும் குறைவாவோ அவகாசம் கொடுத்துத் தாக்கீது வந்தா, அதுக்குன்னே தனியா ஏழு நாள். அந்த விடுப்புக்குச் சம்பளம் கிடையாது, ஆனா வேலை போகாது. தாக்கீது திடீர்னு வரும்ங்கிறதைச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வெச்சிருக்காங்க பாருங்க, அதைத்தான் நாம எடுத்துக்கணும்.

மாநில அரசால் இது முடியுமான்னு கேட்பாங்க. ராணுவம் மத்திய அரசு விஷயம், உண்மை. ஆனா நாம ராணுவத்துக்கு விதி போடச் சொல்லலை. கம்பெனிக்கு விதி போடச் சொல்றோம். தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருக்கு. ஜவுளிக்கடை, நகைக்கடைப் பொண்ணுங்க நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை செய்தாங்க. 2021-ல் இதே தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி உட்கார இருக்கை கொடுக்கணும்னு எழுதுச்சு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி கேரளா செய்தது. ஒரு நாற்காலிதானேன்னு சிரிச்சவங்க உண்டு. அந்த நாற்காலி எத்தனை பேர் கால் வலியைக் குறைச்சிருக்குன்னு அந்தப் பொண்ணுங்களைக் கேளுங்க. இந்த விடுப்பும் அப்படித்தான். பார்க்கச் சின்னது, வேணும்கிறவங்களுக்குப் பெருசு.

மூணு கேள்வி வரும். நானே பதில் சொல்லிடறேன்.

முதல் கேள்வி நிர்வாகத்துக்கிட்டேருந்து: எல்லாரும் கேட்டா லைன் எப்படி ஓடும்? எல்லாரும் கேட்க முடியாது சார். துணைவர் ராணுவத்தில் இருக்கணும், அவருக்கு வெளிநாட்டுத் தாக்கீது வந்திருக்கணும். ஒரு வீரருக்குப் பணிக்காலம் முழுக்க ஒரு தடவையோ இரண்டு தடவையோ வர்ற விஷயம். ஒரு மெஷின் பழுதானா லைனை நிறுத்தறீங்க, பாகம் வரலைன்னா நிறுத்தறீங்க. இதுக்கு நிறுத்தவே வேண்டாம், ஒரு ரிலீவர் போட்டா போதும்.

இரண்டாவது: பொய் சொல்லி லீவு எடுப்பாங்களே? யூனிட் கொடுக்கிற சான்று ஒண்ணு போதும். எந்த நாடு, எந்த ஊர்னு கம்பெனிக்குத் தெரிய வேண்டியதில்லை. அது பாதுகாப்பு விஷயம். வெளிநாட்டுப் பணிக்குப் போறார், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை லீவில் வர்றார், அவ்வளவுதான் வேணும்.

மூணாவது கேள்வி நம்ம பக்கத்துலேருந்தே வரும்: சியாச்சின் போறவர் மனைவிக்கு வேண்டாமா, சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். குடும்பத்துக்கு வேண்டாமா? கண்டிப்பா வேணும். வெளிநாட்டுப் பணிக்குத் தேதியும் தாக்கீதும் தெளிவா இருக்கு, மறுக்க முடியாது. அதில் ஆரம்பிப்போம். கதவு திறந்தா அடுத்தவங்களும் உள்ளே வரலாம்.

இன்னொண்ணு. நான் மனைவி மனைவின்னு பேசினாலும் சட்டத்தில் துணைவர்னுதான் எழுதணும். 2007-ல் லைபீரியாவுக்குப் போன இந்திய மகளிர் காவல் பிரிவுதான் ஐ.நா.வில் முழுக்கப் பெண்களே இருந்த முதல் பிரிவு. 2023-ல் அப்யேய்க்கு இந்தியப் பெண் வீரர்கள் மட்டுமே கொண்ட பிளாட்டூன் போச்சு. நாளைக்கு நம்ம சூளகிரிப் பொண்ணு ஒருத்தி போவா. ஓசூர் கம்பெனியில் வேலை செய்யற அவ புருஷனுக்கும் இந்த விடுப்பு வேணும். கல்யாணம் ஆகாத வீரரா இருந்தா அம்மா அப்பாவுக்கு வேணும்.

ஆக, கட்சி சார்பா நாம வைக்கிற கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று: வெளிநாட்டு ராணுவப் பணிக்குப் புறப்படும் முன், துணைவருக்கோ பெற்றோருக்கோ சம்பளத்தோடு ஐந்து நாள் சிறப்பு விடுப்பு. திரும்பி வரும்போது மூணு நாள்.

இரண்டு: எத்தனை நாள் வேலை செய்தாங்கன்னு கணக்குப் பார்க்கக் கூடாது. கான்ட்ராக்ட், அப்ரன்டிஸ், டிரெய்னி எல்லாருக்கும் பொருந்தணும்.

மூன்று: 15 நாள் முன்னறிவிப்பு கேட்கக் கூடாது. தாக்கீது வந்த அன்னிக்கே சொன்னா போதும்.

நான்கு: இந்த விடுப்பு நாளுக்கு அட்டெண்டன்ஸ் போனஸைப் பிடிக்கக் கூடாது.

ஐந்து: அவர் வெளிநாட்டில் இருக்கிற வரைக்கும், கேட்டா ஷிப்ட் மாத்திக் கொடுக்கணும். வாரத்தில் ஒரு நாளாவது பேசுற நேரம் இருவருக்கும் ஒத்துப் போகணும்.

சட்டம் நாளைக்கே வந்துடாது. அதுவரைக்கும் கையைக் கட்டிட்டு இருக்க வேண்டியதில்லை. தொழிற்சங்க அண்ணன்மாரே, அடுத்த ஊதிய ஒப்பந்தம் பேச உட்காரும்போது இதை ஒரு ஷரத்தா வையுங்க. நிர்வாகத்துக்குச் செலவு குறைவு, மறுக்கக் காரணம் அதைவிடக் குறைவு. ஒரு கம்பெனி ஒத்துக்கிட்டா பக்கத்துக் கம்பெனி பேசியே ஆகணும்.

ராணுவத்தில் இருக்கிற தம்பிகளே, உங்களுக்கும் சொல்றேன். தாக்கீது வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. அடுத்த தடவை லீவில் வரும்போதே பார்ட் டூ ஆர்டர், நாமினி, ஜாயின்ட் கணக்கு, டிபென்டன்ட் கார்டு நாலையும் சரி பார்த்துடுங்க. எந்தப் பேப்பர் எங்கே இருக்குன்னு மனைவிக்குத் தெரியணும். உங்க அம்மாவுக்கும் தெரியணும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வராம இருக்க அது உதவும்.

குடும்பங்களே, கிருஷ்ணகிரியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு. பேரில் முன்னாள்னு இருந்தாலும், பணியில் இருக்கிற வீரர் குடும்பமும் அங்கே போய் விசாரிக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். தனியா போகத் தயக்கமா இருந்தா நம்ம மகளிர் அணி கூட வரும். மனுவில் கணவர் யூனிட், போற இடம் எதையும் எழுதாதீங்க, ஃபேஸ்புக்கிலும் போடாதீங்க. அவர் பத்திரத்துக்குத்தான் சொல்றேன்.

ஆகஸ்டு 15 வந்தா எல்லாக் கம்பெனி வாசலிலும் கொடி ஏத்தறாங்க. வீரர்களுக்குச் சல்யூட்னு ஃபிளெக்ஸ் வைக்கறாங்க. நம்ம கட்சிக்காரங்களும் வைக்கறோம். வைக்கட்டும், தப்பில்லை. ஆனா அந்தக் கொடிக் கம்பத்துக்குக் கீழே வரிசையில் நிக்கிற பொண்ணுங்களில், புருஷனைக் கடல் தாண்டி அனுப்பினவ யாராவது இருக்காளான்னு ஒரு தடவை கேளுங்க. இருந்தா அவளுக்கு மிட்டாய் கொடுக்கிறதோட நிறுத்தாதீங்க. அவர் வர்ற சனிக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புங்க.

இந்தக் கூட்டம் முடிஞ்சதும் வாசலில் கையெழுத்துப் படிவம் இருக்கும். ராணுவக் குடும்பமா இருந்தாத்தான் போடணும்னு இல்லை. பக்கத்து இருக்கையில் வேலை செய்யற அக்காவுக்காகப் போடுங்க. தொழிலாளர் துறை அமைச்சருக்கும் நம்ம மாவட்ட சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும், எந்தக் கட்சியா இருந்தாலும், இதைக் கொண்டு போய்க் கொடுப்போம். கொடுத்துட்டு விட மாட்டோம், பதில் என்னன்னு திரும்பி வந்து இதே ஊரில் உங்ககிட்ட சொல்வோம்.

நைட் ஷிப்ட் போற தங்கச்சிங்களுக்குப் பஸ் வந்துடுச்சுன்னு சொல்றாங்க. பத்திரமா போயிட்டு வாங்க. போகும்போது கையெழுத்து மறக்காதீங்க.



#சனிக்கிழமை_லீவு_கொடுங்க #ராணுவக்_குடும்ப_விடுப்பு #ஓசூர் #கிருஷ்ணகிரி